ஸ்தானேயின் உயரம்

சைக்கிளை விற்றபோது ஸ்தானே
தன் கைகளை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.
முதல் ஞாயிறு, ஜெலெஸ்னிக்கி தாண்டியதும்தான் தெரிந்தது:
ஹேண்டில்பார் அடுத்த ஊரில் இருந்தது,
நான் இந்த ஊரில்.

முப்பதாவது கிலோமீட்டரில் சுண்டுவிரல் மரத்தது.
நாற்பதில் மோதிரவிரல்.
ஸோரா ஆறு பக்கத்திலேயே ஓடியதாம்.
நான் பார்த்தது முன்சக்கரமும்
அதில் சொட்டிய என் வியர்வையும்.

திங்கட்கிழமை மருந்துக்கடையில்
மாத்திரை அட்டையை நேராகக் கத்தரிக்க வரவில்லை.
"நரம்புக்கு ஏதாவது போடு, யெர்னேயா" என்றாள்
பக்கத்து கவுண்டர் மொய்த்சா.
போட ஒன்றுமில்லை.
கழற்றத்தான் ஆள் இருந்தார்.

சமையலறைத் தரையில் பழைய போர்வை விரித்து
அவரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

முதலில் சீட். தண்டில் கறுப்பு மையில் ஒரு கோடு,
பக்கத்தில் எழுபத்தாறு, அவர் கையெழுத்து.
ஐந்து சென்டிமீட்டர் இறக்கி
என் கோட்டை நகப்பூச்சால் போட்டேன்.
வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுகூட அகப்படவில்லை.

ஸ்டெம்மின் தலைமேல் மூன்று வளையங்கள்
வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன.
மனிதர் குனிந்த குனிவு அப்படி.
அவற்றைக் கீழே அனுப்பி ஸ்டெம்மை மேலே ஏற்றினேன்.
மூடித் திருகு முதலில், பக்கத் திருகுகள் பிறகு.
வரிசை மாறிவிட்டது போல;
முன்பிரேக் பிடித்தால் 'டொக்'.
திரும்பவும் போர்வைக்கு.

நூற்றிருபது எம்எம் ஸ்டெம் போய்த் தொண்ணூறு வந்தது.
இருபது யூரோ.
அதற்குள் கிளப்பில் பேச்சு:
"யெர்னேயா அதைச் சந்தைக்குப் போகிற சைக்கிள் ஆக்கிவிட்டாள்."
சந்தைக்குத்தான் என்று
ஒரு மணியும் வாங்கி மாட்டினேன்.

பிரேக் கொம்புகளை ஒரு விரற்கடை நிமிர்த்தினேன்.
மூக்கைத் தூக்கியிருந்த சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தப்போய்
இறக்கமெல்லாம் முன்னே வழுக்கிக்கொண்டே போனேன்.
பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறாவது ஞாயிறு, தாவ்ச்சா ஏற்றம்.
முழங்கை மடங்கியிருந்தது, யாரும் சொல்லாமலே.
விரல்கள் பத்தும் வீட்டில் இருந்தன.
சரிவில் வைக்கோல் காயும் மரச்சட்டங்கள்,
வேலியோரம் ஒற்றைக்காது நாய்.
ஓ, இத்தனை நாளும் குரைத்தது நீதானா.

செப்டம்பரில் ஸ்தானே வந்தார்,
புது இடுப்பு மூட்டும் ஊன்றுகோலுமாக.
"பார்க்கத்தான்."
தண்டின் சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார்.
"ஐந்தா?"
"ஐந்து."
"ஒரு சுற்று?"

அல்லென் கீயை எடுத்தேன். எழுபத்தாறு.
கால் தாண்டவில்லை.
"இறக்கு."
என் கோடு. அதிலும் இல்லை.
"இன்னும்," என்றார், மணியைப் பார்த்துக்கொண்டு.
அறுபத்தாறில் உட்கார்ந்தார்.
"டாக்டர் கேட்டால் நீ பார்க்கவில்லை."

முற்றத்தில் இரண்டு சுற்று,
முழங்கால்கள் வெட்டுக்கிளி போல எழும்ப.
முதுகு நிமிர்ந்திருந்தது, அது ஹேண்டில்பார் செய்த உபயம்.
"அன்றைக்கே இந்த உயரத்தில் வைத்திருந்தால்" என்று தொடங்கி
மீதிக்கு மணியை அடித்தார்.

அவர் போனபிறகு சீட்டைச் சிவப்புக்கு ஏற்றினேன்.
அடியில் மூன்றாவதாக ஒரு கோடு.
நான் போடவில்லை.
அவசரத்தில் இறுக்கிய கிளாம்ப்
தானாகவே கீறியிருக்கிறது.