நண்டு வளை

வாடகையை மறுபடி ஏற்றிவிட்டார்கள்.
வீட்டுக்கு அல்ல, படங்களுக்கு.
எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கிடங்கில்
என் மகளின் எட்டு வருடங்கள் குடியிருக்க
மாதாமாதம் டாலரில்.

எலி வளையானாலும் தனி வளை என்று
நண்டுத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு
கழித்துக்கட்டிய கணினியைக் கேட்டு வாங்கினேன்.
மூடியைத் திறந்தால் கவுச்சி.
விசிறியின் இறக்கைகளில் உப்பும் பஞ்சும்.
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததில்
ஒரு மாலை போயிற்று.

புன்டா அரெனாஸில் காற்று வீசாத நாளை
தேதியோடு நினைவு வைத்திருப்போம்.
அன்று அப்படியான நாளல்ல.
கூரைத் தகரம் தடதடக்க
பென்டிரைவிலிருந்து டெபியன் எழுந்து
எந்த மொழி என்றது, எந்த நாடு என்றது,
இந்த இயந்திரத்துக்கு என்ன பெயர் என்றது.
சென்டோயா என்று அடித்தேன்:
நாங்கள் வேகவைத்து, உறையவைத்து,
கப்பலேற்றும் அந்த முள் நண்டு.

கடவுச்சொல் தட்டும்போது
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
போகிறதா, போகவில்லையா?
இருட்டில் ஒருவரைக் கூப்பிடுவதுபோல்
இரண்டு முறை தட்டினேன்.
பொருந்தவில்லை என்றது.

முதன்முதலில் நிர்வாகி அதிகாரம் கேட்டபோது
தருவதற்கு முன் சின்னதாய் ஒரு புத்திமதி:
பிறர் அந்தரங்கத்தை மதி,
தட்டுமுன் யோசி.
சரி சரி என்று தாண்டிப்போனேன்.

இரண்டு வட்டுகள்.
ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்.
ஒன்று செத்தால் மற்றது
சத்தமில்லாமல் வீட்டை நடத்தும்.
இதைப் படித்தபோது லெயான்ட்ரோவை நினைக்கவில்லை.
பாத்திரம் கழுவும்போதுதான் நினைத்தேன்.

ஞாயிறு முழுக்க அது எழவே மறுத்தது.
கறுப்புத் திரையில் வெள்ளைக் கோபம், வரிவரியாய்.
கமா இருக்கவேண்டிய இடத்தில்
நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
அவ்வளவுதான்.

பிறகு மூன்று இரவுகள்
நாற்பத்தோராயிரம் படங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
வாடகை வீட்டைக் காலிசெய்யும்போது போலவே
வேண்டாததும் சேர்ந்து வந்தது:
மங்கலாய் ஒரு செருப்பு,
மின்கட்டண ரசீது,
அடையாளம் தெரியாத யாரோ ஒருவரின் முழங்கை.

ஒவ்வொரு கோப்பும் மூன்று பேரைத்தான் அறியும்:
உரிமையாளர், குழு, மற்றவர்.
படிக்கலாமா, எழுதலாமா, எல்லாம் எண்ணில்.
நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீரில் இருக்கும் லெயான்ட்ரோ
எந்த எண்ணில் வருகிறான்?
மற்றவருக்குப் பூஜ்யம் என்று போட்டேன்.
சுலபமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை டானிட்சா அவனிடம் போனாள்.
ஞாயிறன்று படகு ரத்து. திங்களும் ரத்து.
இரவு அவன் அழைத்தான், கடன் வாங்கிய போனில்.
"என்னோடது தண்ணியில விழுந்துடுச்சு, யாஸ்னா.
அவளுக்கு முதல் பல் விழுந்தப்போ எடுத்த படம்
உன்கிட்ட இருக்கா? கேட்டுக்கிட்டே இருக்கா."
பின்னால் காற்று.
என் ஜன்னலிலும் அதே காற்று, சற்றுப் பிந்தி.

அனுப்பியிருக்கலாம், ஒரே ஒரு படம்.
உட்கார்ந்து ஒரு குழு உருவாக்கினேன்.
பெயர் கேட்டது.
குடும்பம் என்று அடித்து
ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன்.
டானிட்சா என்று வைத்தேன்.
உறுப்பினர் இருவர்.
ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து
அதற்குப் பூட்டும் போட்டேன்.
அவனுக்குப் படிக்க மட்டும்.
எழுத ஒரே ஓர் அடைவு: "படகு வராத நாட்கள்".

இரண்டு நாற்பதுக்கு அவன் உள்ளே வந்திருந்தான்.
பதிவேடு நேரம் சொன்னது.
எதையெதைத் திறந்தான், எவ்வளவு நேரம் பார்த்தான்,
பல் மட்டுமா, அதற்கும் முந்தைய வருடங்களா,
கேட்டால் அதையும் சொல்லும்.
ஒரு வரி அடித்தால் போதும்.
அடித்தேன்.
என்டர் பட்டன்மேல் விரல் இருந்தது.

மாடிப்படிக்கு அடியில், உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பக்கத்தில்,
பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது.
நான் எதுவும் எழுதவில்லை.
சென்டோயா எழுதிக்கொண்டிருந்தது,
இரண்டு வட்டிலும்.