இருநூற்று ஐம்பத்தாறாவது சென்டிமீட்டர்

எனக்கு ஆறுகளோடு பழக்கமில்லை.
குட்டாய்சியில் மூன்றாம் மாடி, ஒரு மேசை,
சரியாக மூடாத ஒரு ஜன்னல்.
நான் எழுதியது ஒரே ஒரு வகுப்பு:
மலைமேல் மெஸ்தியாவில், பாலத்தின் அடியில்
திருகி வைத்த உணரி சொல்லும் எண்ணை வாங்கி
வெளியீட்டு ஓடையில் விடுவது.

ஓடை என்றுதான் அதற்குப் பெயர்.
கோப்புக்குப் போகும் ஓடை, வலைக்குப் போகும் ஓடை,
எங்கும் போகாமல் நினைவகத்தில் தேங்கும் ஓடை,
எல்லாம் ஒரு தாய் வகுப்பின் பிள்ளைகள்.
தாய்க்கு உடம்பில்லை, வாக்கு மட்டும் உண்டு:
எழுது என்றால் எழுதுவார்கள்.
நம்பினேன்.
எழுது, அடைப்புக்குள் மட்டம், ஓர் அரைப்புள்ளி.
சாப்பிடப் போய்விட்டேன்.
அன்று லோபியோ. உப்பு தூக்கல்.

மே மாதம் 90. ஜூனில் 140.
பனி உருகிய ஜூலையில் 212 வரை ஏறி
நல்ல பிள்ளையாக இறங்கியது.
மூன்று வருடம் இப்படியே.
எச்சரிக்கை மணியை 260இல் வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, மூன்றேகால் மணி.
251.
253.
255.
0.
பிறகு 4. பிறகு 9.
என் திரையில் எல்லாம் பச்சை.

போன் அடித்தது. ஜோக்கியா மார்கியானி,
பாலத்தருகே மண்தோண்டி இயந்திரம் ஓட்டுபவன்,
உணரியில் அப்பும் சேற்றை மாதம் ஒருமுறை துடைப்பவன்.
"நெஸ்தான், உன் பெட்டி என்ன சொல்கிறது?"
"ஒன்பது."
"என்ன ஒன்பது?"
"சென்டிமீட்டர்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை,
கல்லோடு கல் மோதுவது மட்டும் கேட்டது.
"அந்த ஒன்பது சென்டிமீட்டரில்
என் விறகு முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது."

வைத்துவிட்டான்.
இயந்திரத்தைக் கொண்டுபோய்ச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி
விளக்கை எரியவிட்டானாம்.
பால் ஏற்றி வந்த வேன் ஒன்று அந்த வெளிச்சத்தில் நின்றது.
நாலு பத்துக்குப் பாலத்தின் நடுத்துண்டு இறங்கியது.
அந்த நிமிஷத்துக்கு என் கோப்பில்
44.

பிழை என்று யாரும் எதையும் எறியவில்லை.
நான் கொடுத்தது முப்பத்திரண்டு பிட் அகலமான எண்.
ஓடை வாங்கியது கடைசி எட்டு.
மற்ற இருபத்துநான்கையும் கண்டுகொள்வதில்லை என்று
ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது,
எட்டாவது வரி, இப்போது மனப்பாடம்.

நெல் அளக்கிறவர்கள் படியின் தலையைத் தட்டிச்
சிந்தியதைத் தள்ளிவிட்டு, நிறைந்ததைக் கணக்கில் வைப்பார்கள்.
பைட்டும் ஒரு படிதான்.
ஆனால் இது நிறைந்ததைக் கவிழ்த்துவிட்டுச்
சிந்தியதை எழுதிக்கொள்கிற படி.
முந்நூறு சென்டிமீட்டர் ஆற்றில்
ஒரு முழுப் படியை எங்கோ கொட்டிவிட்டு
மிச்சம் நாற்பத்துநாலு என்றது, குரல் மாறாமல்.
255க்கு மேல் எதுவுமே வரமுடியாத வாசலில்
260 வருகிறதா என்று பார்க்க நான் காவல் போட்டிருக்கிறேன்.

திருத்தம் மூன்று வரி.
மேல் பைட் முதலில், கீழ் பைட் அடுத்து,
மதகைத் திறந்துவிடுகிற மாதிரி
தேங்கியதை உடனே தள்ளும் ஒரு வரி கடைசியில்.
அரை மணி நேர வேலை.
அதில் இருபது நிமிஷம் கை நடுங்கியது.

அந்த இரவின் கோப்பை நான் திருத்தவில்லை.
திருத்தலாம், 256 கூட்டினால் போதும்.
255க்கு அடியில் அந்தப் பூஜ்யம் அப்படியே இருக்கிறது,
ஆறு மிகப் பெரிதாக இருந்தபோது
ஆறே இல்லை என்று.

புதுப் பாலத்தில் உணரியைத் திருகிக்கொண்டே
ஜோக்கியா போனில் கேட்டான்:
"இப்போது எதுவரை எண்ணும்?"
"அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து.
அறுநூற்று ஐம்பத்தைந்து மீட்டர்.
உன் மலையில் பாதி முழுகினாலும் எண்ணும்."
"அதற்கு அடுத்த சென்டிமீட்டர்?"

ஜன்னலை இழுத்து மூடினேன். மூடவில்லை.
"பூஜ்யம்," என்றேன்.
"சரி," என்றான், "அப்போதும் நானே கூப்பிடுகிறேன்."