மூன்று நொடி

எஸ்கில், நாலரைக்கு நீ எழுவது எனக்குத் தெரியும்.
இருட்டில் எவ்வளவு பதுங்கி நடந்தாலும்
பந்தயச் செருப்பின் அடிப்பட்டை
'டக்'கென்று காட்டிக்கொடுத்துவிடும்.

லிம்ஃபியோர்டுக் கரையில் எதிர்காற்றோடு
அறுபது கிலோமீட்டர் மல்லுக்கட்டிவிட்டு
ஏழு மணிக்கு அடுக்களையில் நிற்கிறாய்,
லீவாவின் டப்பாவில் கறுப்பு ரொட்டி அடுக்கியபடி.
ஒருநாளும் தாமதமில்லை.
அதுதான் என் கோபம்.
தாமதமானால் திட்டவாவது செய்யலாம்.

நாற்பத்துநாலு வயது. வெண்ணெய் ஆலையில் வேலை.
போன வருஷம் முழுக்க ஓட்டி நீ வென்றது
ஒரு கிலோ காப்பித்தூள்.
சக்கரத்தின் எடையைக் கிராம் சுத்தமாகச் சொல்வாய்;
மகள் எத்தனாம் வகுப்பு என்றால்
விரல்விட்டு எண்ணுவாய்.

ஞாயிறு, மழைத்தூறல், எட்டுச் சுற்று.
பாட்டிலை நீட்டியபடி மேட்டில் நான்.
என் கோட்டுக்குள் லீவா.
சுற்றுக்கு மூன்று நொடி நீ எங்கள் ஆள்.
முதல் சுற்றில் சிரித்தாய்.
நான்காவதில் என் பெயரே
உனக்கு ஞாபகம் இருந்திருக்காது.
ஆறாவதில் கூட்டம் விர்ரென்று போயிற்று,
அதில் நீ இல்லை.

அப்புறம் வந்தாய்,
தனியாக, வாயில் நுரையோடு.
பாட்டிலை வாங்கவில்லை. காலை ஊன்றினாய்.
"பிள்ளைக்கு மூக்கு ஒழுகுதே, பார்க்கலையா?" என்று
நனைந்த கையுறையால் துடைத்துவிட்டாய்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம்.
"போய்யா!" என்று கத்தி
முதுகில் கைவைத்து
மேட்டு உச்சிவரை தள்ளிக்கொண்டே ஓடினேன்.

தள்ளுவது விதிக்கு மாறானது.
நடுவர் காருக்குள்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.