ஓரங்குலத் தாள்

ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்.
துணியில் ஒட்டிய தாள், எட்டு மடிப்பு.
கச்சேரி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து
பல்லி முட்டையோடு என் மேசைக்கு வந்தது.

மலைநாட்டுத் தாள்களில் கோடுகள்
பெருவிரல் ரேகைபோல் நெருக்கிச் சுழலும்.
யாழ்ப்பாணத் தாளில்
ஒரு சமவுயரக் கோடு இல்லை.
மட்டக்கோலை எங்கே நட்டாலும்
கடல்தான் பதில் சொல்லியிருக்கும்.

ஆனாலும் நீலத்தில், விட்டு விட்டு, ஓர் ஆறு.
அளவெட்டிப் பக்கம் கசிந்து
கந்தரோடையில் வளைந்து
சண்டிலிப்பாய், நவாலி கடந்து
அராலியில் உப்பாகிறது.
வருடத்தில் மூன்று மாதம்தான் ஆறு.
மிச்ச நாளெல்லாம் தரவை, மாடு, கிறிக்கெட்.

அளந்தவன் கவனக்காரன்.
கேணிக்குச் சதுரம். கிணற்றுக்கு வட்டம்.
மாடு முதுகு தேய்க்கும்
ஆவுரோஞ்சிக் கல்லுக்கும் ஒரு புள்ளி.
மனிதரில் ஒருவர் பெயரும் இல்லை.

நான் அதைக் கணினியில் படியெடுத்தேன்,
புள்ளி புள்ளியாக, இரண்டு மாதம்.
நவாலிக்கு மேலே, நாலாம் மடிப்பில்
தாள் தேய்ந்து துணி தெரிந்தது.
அரை அங்குலம் ஆறு இல்லை.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
அடிமட்டம் வைத்து நேராக இழுத்தேன்.
தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை.

அந்த நேர்கோடு
குலவீரசிங்கத்தாரின் குசினிக்கூடாகப் போனது.
மதில் கட்ட அனுமதி இல்லை என்று
கடிதம் அடித்தோம். கையொப்பம் என்னுடையது.

கார்த்திகை கடைசியில் மூன்று நாள் மழை.
நாலாம் நாள் தொலைபேசியில் அவர்:
"பிள்ளை, என்ர வளவு காய்ஞ்சு கிடக்கு.
ஒருக்கால் வந்து பாருங்கோ."

போனேன். உண்மைதான்.
ஆறு அவரைத் தொடாமல்
கிழக்கே ஒரு வளைவு எடுத்து
சூசைநாயகத்தின் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்றது.
எந்தக் கடிதமும் போகாத வீடு.
ஏழு மாடு, வயிறளவு தண்ணீரில்,
ஒரு கன்றை மேசையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.
சூசைநாயகம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
வைக்கோல் எங்கே காயப்போடலாம் என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளம் வடிந்த பிறகு
நாடாவோடு மறுபடி போனேன்.
சுவரில் தடம் இல்லை, கிடுகு அடைப்பு.
செவலைப் பசுவின் விலாவில்
சேறு காய்ந்து ஒரு கோடு,
முன்காலிலிருந்து பின்கால் வரை ஒரே மட்டம்.

அது அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து
நிலத்திலிருந்து அளந்தேன்:
இரண்டடி ஏழு அங்குலம்.