இரண்டாவது கோடு

இரவு ஒன்று பத்து. வாட்டு ஏழிலிருந்து வந்த ரியூப்:
குணசிங்கம், ஐம்பத்திரண்டு,
மாவாலை இறங்குதுறையில் விஞ்ச் இயக்குகிறவர்.
அல்புமின் இரண்டு தசம் ஒன்று.
போன கிழமை இரண்டு தசம் நாலு.
வயிற்றிலிருந்து காலையில் நாலு லீற்றர் எடுத்தார்கள்;
பொழுதுபடத் திரும்பவும் ஊறத் தொடங்கிவிட்டது,
உப்புவெளி மணலில் தோண்டிய குழிபோல.

ஆய்வுகூட யன்னலில் அவர் மனைவி லோகசவுந்தரி.
கையில் போன்.
"பண்டிட ஈரல மனுசருக்கு வைக்கிறாங்களாம், மெய்யா?"
எங்கோ, ஒன்றிரண்டு பேருக்கு, என்றேன்.
அவ யோசித்தா.
"வைச்சா, இவருக்குள்ள ஓடுறது ஆருட ரத்தம்?"

இருபது வருடத்துக்கு முந்தி, பேராதனையில்
நான் எலிக்கூடு கழுவினவன்.
ஹாம்ஸ்டரின் ஈரலை எலிக்கு மாற்றினார்கள்.
மூன்றாம் நாளே எலியின் உடம்பு அதைக் கடிக்கத் தொடங்கியது;
வெட்டிப் பார்த்த துண்டில்
பாதிக் கலம் செத்து, சாம்பல் நிறம்.
ஆனாலும் சீரத்தை ஜெல்லில் ஓடவிட்டு
நீலச் சாயம் போட்டபோது
கோடு ஒன்றல்ல, இரண்டு.
எலியின் அல்புமின் மங்கி, அழியும் தறுவாயில்;
ஒரு நெல்மணி தள்ளி
ஹாம்ஸ்டருடையது, தடித்து.

அந்த ஈரல் எலிக்கு ஏற்றபடி எதையும் பழகவில்லை.
காயத்தோடு, தனக்குத் தெரிந்த ஒன்றையே
செய்து செய்து அனுப்பியது.
எலி அதைக் கேள்வியில்லாமல் வாங்கி
தண்ணீர் குடித்தது, மீசை கழுவியது,
ஏழாம் நாள் வரைக்கும்.

இதை உவமையாக்கலாம். எங்கள் ஊரில்
உவமைக்கு ஆள் தேடவேண்டியதில்லை:
வந்தவர், போனவர், பிடுங்கி நடப்பட்டவர்.
வேண்டாம். அது எலி. அது ஈரல்.

"ரத்தத்தில பாதிச் சாமான் பண்டிட,
பேர் மட்டும் அவருட" என்றேன்.
அவ சிரித்தா. திரும்பி நடந்தபோதும்
தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.
சிரிப்புத்தானா என்று நான் பார்க்கவில்லை.

குறைவு என்று சிவப்பில் அடிக்கிறது யந்திரம்.
எனக்கோ அந்த இரண்டு தசம் ஒன்றில் கண் நிற்கிறது.
வடுவேறி, முடிச்சு முடிச்சாய்,
பழஞ்செருப்பாக இறுகிய ஒன்று
இந்த நேரத்திலும் இவ்வளவு செய்திருக்கிறது.
ஆரும் கேட்கவில்லை.

கேற்றடியில் புள்ளிமான் இரண்டு
சோத்துப்பார்சல் தாளை மென்றுகொண்டு நிற்கின்றன.
லோகசவுந்தரி ஒன்றின் வாயிலிருந்து
தாளைப் பிடித்து இழுக்கிறா.
அது விடுகிறதாயில்லை.