இன்கா

பாங்காக் போக வேண்டிய திங்கட்கிழமை
காட்பாடியில் சித்தூர் பஸ் ஏறினோம்
நானும் நஸ்ரீனும்.

ஷூ கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
பதினெட்டு மாதம் கட்டிய சீட்டு, தள்ளு போகக் கைக்கு வந்தாயிற்று.
பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டுமாம்.
அவளுடையதில் நூற்று எழுபத்தொரு நாள்.
ஏஜெண்ட் இரண்டு முறை எண்ணிக் காட்டினான்,
காலண்டர் தாளை எச்சில் தொட்டுப் புரட்டி.

நீ மட்டும் போயிட்டு வா என்றாள்.
போயிருக்கலாம்.
தனியாக வெட்டுக்கிளி தின்ன எனக்குத் தைரியம் இல்லை.

கிறிஸ்டியான்பேட்டை தாண்டியதும்
போர்டு எழுத்தெல்லாம் மாறிவிட்டது.
ஒவ்வொன்றின் தலையிலும்
வாத்தியார் சரி போட்ட மாதிரி ஒரு குறி.
அத்தனையும் சரியான விடை.
எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பொங்கணாலு.
நம் பணியாரம்தான், காரச் சட்னியில் குளித்து வந்திருந்தது.
எட்டு. பிறகு நான்கு.
டீக்கடைக்காரரிடம் நஸ்ரீன் உருதுவில் ஆரம்பித்தாள்.
அரை மணியில்
அவர் மச்சானின் சிறுநீரகக் கல் வரை போய்விட்டது பேச்சு.
வெளிநாட்டுக்காரி நான் மட்டும்தான்.
பன்னைப் பிய்த்துக்கொண்டு
இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மதியம் வெயில் ஆளை உரித்தது.
கூழ் ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டர்கள்
கிளிமூக்கு மாங்காய் ஏற்றி வரிசையில் நின்றன.
டிரைவர் பையன் இரண்டை எடுத்து வீசினான்.
உப்பு கேட்டேன். உப்பு என்றுதான் கேட்டேன்.
அங்கேயும் அது உப்புதான் என்று தெரிந்ததும்
ஏனோ சிரிப்பு அடங்கவில்லை.

ஏழு மணிக்குத் துணிக்கடை ஷட்டர்கள் இறங்க
அதே வாசல்களில் தள்ளுவண்டிகள் ஏறின.
எல்.இ.டி. பல்பு, பேட்டரி, ஈசல்.
நைட்டி, செல்போன் கவர், எலி பிஸ்கட்,
யானை அச்சடித்த தொளதொள பேண்ட்.
பாங்காக் மாடல் அக்கா என்றான் தமிழிலேயே.
உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
திருப்பூர்.
இருநூற்றைம்பதை நூற்றெண்பதுக்குக் கேட்டு
இரண்டு வாங்கினோம்.
கட்டிங் செக்‌ஷன் என்ன வாங்கி வந்தாய் என்று கேட்காமல் விடாது.

ரெட்டெம்மா வண்டியில் மிளகாய் பஜ்ஜி.
குறுக்கே கீறி, வெங்காயம் திணித்து,
எலுமிச்சை பிழிந்து நீட்டினாள்.
ஒன்று முடிந்தது.
இன்கா? என்றாள்.
இங்கேயா சாப்பிடுகிறாய் என்று கேட்கிறாளாக்கும் என
ஆமாம், இங்கதான் என்றேன்.
தட்டில் இன்னொன்று விழுந்தது.
இன்கா?
இங்கதான் இங்கதான்.
நான்காவதில் கண்ணில் நீர், மூக்கில் நீர்,
காதுக்குள் விசில்.
பக்கத்தில் பொருகுலு பொட்டலம் வாங்கி நின்ற போலீஸ்காரர்
இன்கா என்றால் இன்னும் என்றார்.
சாலு சொல்லும்மா, சாலு.

நஸ்ரீனுக்கு அது காலையிலேயே தெரியும்.
சொல்லவில்லை.
குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஏஜெண்ட் ஆபீசிலிருந்து இறங்கியபின்
அவள் பல்லைப் பார்ப்பது அப்போதுதான்.

கடைசி பஸ்.
எல்லையில் பாட்டில் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தார்கள்.
நஸ்ரீன் பையில் யானை பேண்ட்,
எண்ணெய் கசிந்த பஜ்ஜிப் பொட்டலம்,
அடியில் பாஸ்போர்ட்.
அதை ஏன்டி எடுத்து வந்தாய் என்று நான் கேட்கவில்லை.
பத்து வருஷம் முன்பு ஜித்தா சம்பந்தத்துக்காக எடுத்தது.
மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

காவலர் விரித்துப் புரட்டினார்.
பக்கம் பக்கமாக வெள்ளை.
நடுவில் ஓரிடத்தில் மட்டும்
ரூபாய் அகலத்துக்கு மிளகாய் எண்ணெய்
ஊறி நின்றது.

எங்கே போய்விட்டு வர்றீங்க?
சித்தூர் சார்.

கறை போகுமா என்று
வேலூர் வரும்வரை
முந்தானையால் ஒற்றிக்கொண்டே வந்தாள்.
நான் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.
இன்கா?