ஒரு கையின் நீளம்

சோயிர் நிலையத்தில் ரயிலுக்குக் கொடி காட்டியவள்
ஒன்பது வருடமாகச் சரக்கு அறையில்
சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.
காவல் குடிலின் அடுப்பு சீறிய இரவுக்குப் பின்
முழங்கை மடங்கியது. மடங்கியபடியே ஆறியது.
ஆறியது என்றுதான் சொல்கிறார்கள்,
உப்பிட்ட பச்சைத்தோல் காய்ந்து சுருங்குவதுபோல்
மேல்கையும் கீழ்க்கையும் ஒன்றையொன்று
இழுத்துக்கொண்டதை.

பயன் இல்லாமல் இல்லை.
அந்த வளைவில் பை மாட்டினார்கள், கோட்டு மாட்டினார்கள்,
அக்காள் மகனை உட்கார வைத்தார்கள்.
ஒருமுறை யாரோ குதிரைக் கடிவாளத்தை மாட்டிவிட்டு
மறந்தே போனார்கள்.

வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுக்கலாம்
என்றார் மருத்துவர் பூரெவ்ஜாவ்,
தழும்புக்கு அடியில் மெத்தை போட.
யான்ஜின்லாம் சிரித்தாள்:
"எனக்குக் கொழுப்பு என்று நிலைய அதிகாரி
எழுதிக்கொடுத்தபோது
ஆதாரம் கேட்டுச் சண்டை போட்டேனே!"
மறுநாள் ஊசிக்குழலில் வந்தது ஆதாரம்,
ஆட்டு வால்கொழுப்பு உருகிய நிறத்தில்.

தழும்பைக் குறுக்கே அறுத்ததும்
ஒரு செருப்படி அளவு இடம் திறந்தது.
அங்கே தொடைத் தோல்.
நாற்பத்தொரு வருடம் கம்பளிக்குள் இருந்து
காற்று என்றால் என்னவென்றே அறியாத தோல்
இனி கோபியின் ஜனவரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் கட்டு மாற்றுகிறவள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
வாங்கிய இடத்தைவிடக் கொடுத்த இடம் அதிகம் வலிக்கும்.
வைத்த கொழுப்பில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும்
என்று பூரெவ்ஜாவுக்கும் தெரியாது.
ஐந்தாம் நாள் துணி பிரிக்கும்போது
மூக்குதான் முதலில் பார்க்கும்.
நாற்றமில்லை.
கருக்கவில்லை.
ஓரமெல்லாம் தையலைப் பிடித்துக்கொண்டு
இளஞ்சிவப்பாய் ஒட்டியிருந்தது.

மூன்றாம் வாரம், பகலில் மட்டும், பட்டையைக் கழற்றினோம்.
"நீட்டு" என்றேன்.
நீட்டினாள்.
கொடி பிடிக்கும் நேர்க்கோடு இல்லை, கொஞ்சம் பாக்கி.
ஆனால் தன் கை எவ்வளவு தூரம் போகும் என்பது
அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.
பக்கத்துக் கட்டிலின் பால்தேநீர்க் கிண்ணத்தில் இடித்தாள்.
கவிழ்ந்தது.

எட்டுக் கட்டில்களும் ஒரே நேரத்தில்
உடம்பைச் சுருக்கிக்கொண்டன.
இந்த வார்டில் பாதிப்பேர்
இப்படி ஒரு கிண்ணத்தால், ஒரு கெட்டிலால் வந்தவர்கள்.

ஆறிய தேநீர்.
தரையில் ஓடி என் செருப்பைத் தொட்டது.
"மன்னித்துவிடுங்கள்" என்றாள்,
கையை மடக்காமல்.